சுருட்டையின் அம்மா

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் என் அறைத்தோழி சுருட்டையின் போன் அடிக்கும். தட்டை அப்படியே வைத்துவிட்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

“சொல்லுங்கம்மா” என்று ஆரம்பித்தால் அரைமணி நேரம் சிரிப்பும் கொஞ்சலும்தான். உள்ளே எனக்கு வயிறு எரியும்.

என் அம்மா என்னோடு பேசி ஒரு வருடம் ஆகிறது. கேவலம் ஒரு மருந்துக்கடை வேலைக்காக ஊர் மாறாதே என்றாள், மாறினேன். அவளாக இறங்கி வரமாட்டாள். நானும் அவள் பெற்ற பெண்தானே.

இந்தச் சுருட்டையோடு ஒரே அறையில் குப்பை கொட்டுவது லேசில்லை. குடிவந்த முதல் வாரமே, நான் குளிக்கப் போயிருந்தபோது என் போனை எடுத்துப் பேசியிருக்கிறாள். கேட்டால், ராங் நம்பராம்.

விடியற்காலையில் என் ஃபேனை அணைத்துவிடுவாள். ஃப்ரிட்ஜில் நான் வைக்கும் தண்ணீர் பாட்டிலை வெளியே எடுத்து வைப்பாள். கேட்காமல் என் கைப்பையைத் திறந்து குடையைத் திணிப்பாள். இவள் என்ன, எனக்கு மாமியாரா?

இப்படிப்பட்டவளுக்கு ஓர் அம்மா, தினமும் தவறாமல். கடவுளுக்குக் கண்ணே இல்லை.

இன்று நான் குளித்துவிட்டு வந்ததும் அவள் குளிக்கப் போனாள். வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே, கட்டிலில் கிடந்த அவள் போன் அடித்தது. திரையில் ‘அம்மா’.

எடுத்திருக்கக் கூடாது. அந்தக் கொஞ்சலில் கொஞ்சம் என் காதிலும் விழட்டுமே என்றுதான் எடுத்தேன். மூச்சுக்கூட விடாமல் நின்றேன்.

“ஏன் கண்ணு, இன்னிக்காவது தலையை ஒழுங்காத் துவட்டினாளா அவ? ஈரத்தோடவே ஃபேனுக்கு அடியில போய் நிப்பா. அப்புறம் ராத்திரியெல்லாம் இருமுவா.”

கண்ணு என்று என் அம்மா என்னைத்தான் கூப்பிடுவாள். வேறு யாரையும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

தலையிலிருந்து தண்ணீர் வழிந்து போனில் சொட்டியது. மேலே ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

கையை நீட்டி அதை அணைத்தேன். சுருட்டையைப் போலக் குரலைக் குழைத்து, “நல்லாத் துவட்டிட்டாம்மா” என்றேன்.



“பொய் சொல்லாதடி” என்றாள் அம்மா. “போய்த் துவட்டு.”