பிலால் என்று சொல்ல

பொற்கொடிக்கு ‘ப’வில் தொடங்கும் சொல் எதுவும் எளிதில் வராது, உதடுகள் ஒட்டிக்கொண்டுவிடும். தன் பெயரை அவள் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர்கள் வேறு பக்கம் திரும்பிவிடுவார்கள். பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய வரலாற்றுப் பாடத்தின் கருத்தரங்குக்கு, தொழுகைக்கு அழைக்கும் பாங்கை முதன்முதலில் சொன்ன பிலாலை அவள் தேர்ந்தெடுத்தபோது பேராசிரியை ருக்கையா தயங்கினார்.

“கலீஃபா உமரைப் பத்திப் பேசேம்மா. இல்லன்னா எழுதிக் குடுத்துரு, போதும்.”

“இவரைப் பத்தித்தான் மேடம் பேசணும்.”

கருத்தரங்கு அன்று வகுப்பின் முன்னால் போய் நின்றாள். உதடுகள் மூடின, திறக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். உதவிக்கு எழுந்த ருக்கையாவைக் கைகாட்டி உட்காரச் சொன்னாள். மூடிய அந்த உதடுகளையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பிலால்.”

குரல் கடைசிச் சுவர்வரை போனது. சுடுமணலில் கிடத்தி நெஞ்சில் பாறை ஏற்றப்பட்ட அடிமை, பின்னாளில் கஅபாவின் கூரைமேல் நின்று மக்காவையே தொழுகைக்கு அழைத்த கதையைத் திக்கித் திக்கிச் சொன்னாள். வராத சொல்லுக்காக நின்றாளே தவிர, அதற்குப் பதில் வேறு சொல்லைப் போடவில்லை.

மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த வகுப்பு மாணவர்கள் கதவைத் திறந்தார்கள்.

பொற்கொடி அவர்கள் பக்கம் திரும்பினாள்.

“கொஞ்சம் வெளிய இருங்க. நான் இன்னும் பே... பேசி முடிக்கல.”