ஒரே அலைவரிசை

மைக்கின் பொத்தானை அழுத்தி எப்சிபா சொன்னாள்.

"மணல்விளை, நிறுத்துங்க. அவசரம்னு இன்னொரு ஊர்லேர்ந்து கூப்பிடுதாவ."

மணல்விளையிலிருந்து பேசிக்கொண்டிருந்தவன் அவள் கணவன், சாலமோன்.

வெள்ளம் வந்து இரண்டு நாள். செல்போன் கோபுரங்கள் செத்துவிட்டன. ஆட்சியர் அலுவலக மாடியறையில் எப்சிபாவும் அவளுடைய அமெச்சூர் ரேடியோவும். ஆற்றுக்கு அக்கரையில் ஐந்து ஊர்கள், ஐந்து ரேடியோக்கள்.

எல்லாருக்கும் ஒரே அலைவரிசை.

ஒருவர் பேசும்போது மற்றவர்கள் பேசக் கூடாது. உயிர் போகிற அவசரத்துக்கு முதல் வழி. சொந்தப் பேச்சு கூடவே கூடாது. முந்தாநாள் இந்த விதிகளை எல்லாருக்கும் படித்துக் காட்டியவள் அவள்தான்.

படகு வேண்டியவர்களின் பட்டியலில் சாலமோன் மூன்று பேரைச் சொல்லி முடித்திருந்தான். பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டான்.

"காத்திருக்கேன்," என்றான்.

புதுக்குடியில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது. தெரு, வீட்டு அடையாளம், ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டு எழுதினாள். டாக்டரை ஏற்றிக்கொண்டு படகு கிளம்பிவிட்டதாகக் கீழேயிருந்து ஆள் வந்து சொன்னார்.

பதினொரு நிமிடம்.

"மணல்விளை, சொல்லுங்க."

இரைச்சல்.

"மணல்விளை."

இரைச்சல்.

"சாலமோன்."

விதியை மீறிவிட்டாள்.

பிறகு கயத்தூர் ரேடியோவில் இருந்த முத்துவீரன் பேசினான்.

"யக்கா, மணல்விளை எனக்குப் பக்கம்லா, அவர் சத்தம் லேசா கேக்கு. அவர் சொல்லச் சொல்ல நான் சொல்லுதேன். எழுதிக்கிடுங்க."

நான்காவது, நெஞ்சுவலிக்காரர். ஐந்தாவது, கைக்குழந்தை, காய்ச்சல்.

"ஆறாவது ஆம்பள ஆளு. வயசு நாப்பத்தி மூணு. நேத்து சுவர் இடிஞ்சு கால்ல விழுந்திருக்கு, எந்திரிக்க முடியல. கடைசியா ஏத்தினா போதுங்காரு."

"பேரு?"

முத்துவீரன் கேட்டான். காத்திருந்தான். மறுபடியும் கேட்டான்.

"பேரு சொல்ல மாட்டேங்காரு, யக்கா."

பேனா நின்றது.

யார் முதலில், யார் பிறகு என்று எண் போடுபவள் அவள்தான். அவள் என்ன போட்டாலும் கீழே யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. கரையில் மிச்சமிருந்தது ஒரே படகு.

ஆறாம் எண்ணுக்கு எதிரே சாலமோன் என்று எழுதினாள்.

எண்ணை மாற்றவில்லை. தாளைக் கீழே கொடுத்தனுப்பினாள்.

பொத்தானை அழுத்தினாள்.

"அடுத்து யாரு?"