பங்காரு அடிச்ச ரூபாய்

"கீழ மண்டபத்துல பழைய கள்ளக்காசுக் கண்காட்சி வெச்சிருக்காங்களாம். பார்த்துட்டுப் போலாம்" என்றார் பூபாலன், தணிகை மலையில் தரிசனம் முடிந்து இறங்கியதும்.

பிரேமா கார் நின்ற பக்கம் திரும்பினாள்.

பூபாலன் அவளுக்குச் சம்பந்தியாகப் போகிறவர். ஆர்.கே.பேட்டையில் தறி வைத்திருக்கிறார். எதையும் துருவித் துருவிக் கேட்கிற மனிதர். அவர் மகனுக்கும் பிரேமாவின் மகள் தீபாவுக்கும் அடுத்த வாரம் நிச்சயதார்த்தம்.

பிரேமா அவரிடம் மறைத்தது ஒன்றுதான். அவளுடைய தாத்தா பங்காரு, வெள்ளைக்காரன் காலத்தில் ஈயத்தில் ரூபாய் வார்த்து, வெள்ளி முலாம் பூசி, சந்தையில் புழங்கவிட்டு ஜெயிலுக்குப் போனவர்.

அந்த மாதிரிக் காசுகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர் அரக்கோணம் சமியுல்லா. போன மாதம் பிரேமா வீட்டுக்கே வந்து, பங்காரு அடித்த காசு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தார். அப்படி யாரையும் தெரியாது என்று கதவைச் சாத்திவிட்டாள்.

அவருடைய கண்காட்சிதான் இது.

தலை வலிக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள். அஞ்சு நிமிஷம்தானே என்று பூபாலன் முன்னால் நடந்தார். அவருடைய அக்கா தாயாரம்மாளும் கூடவே போனாள்; பிரேமாவும் தீபாவும் பின்னால் போனார்கள்.

உள்ளே சமியுல்லா ஒவ்வொரு காசாகக் காட்டி, எந்த ஊரில் யார் அடித்தது, எப்படி மாட்டிக்கொண்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிரேமாவைக் கண்டதும் சற்றுத் தயங்கி, மறுபடி தொடர்ந்தார்.

மங்கிப்போன ஒரு ரூபாயைப் பூபாலன் சுட்டிக் காட்டினார்.

"இது நம்ம பக்கத்து வேலை மாதிரி இருக்குதே பாய். யாரு அடிச்சது?"

பிரேமா மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சமியுல்லா காசைத் திருப்பிப் பார்த்தார். "ஆங், இந்தப் பக்கந்தான். அடிச்சவன் பேருதான் தெரியலீங்க."

ஊரில் யார் யார் பேரையோ சொல்கிறார்களே என்றாள் தாயாரம்மாள்.

"வெறும் பேச்சும்மா. இத்தினி வருசமா தேடிகினு இருக்கேன், எனக்கே தெரியல."

பூபாலன் அக்காவைப் பார்த்தார். அவள் தலையாட்டிவிட்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்தாள். பிரேமா அப்போதுதான் மகளின் கையை விட்டாள்.

எல்லோரும் வெளியே போய்க் காரில் ஏறும்போது, இதோ வந்துவிடுகிறேன் என்று அவள் மட்டும் திரும்பி ஓடினாள்.

"உங்கள அன்னிக்கு வாசலோட அனுப்பினேன். நீங்க என் பொண்ணு வாழ்க்கையக் காப்பாத்திட்டீங்க பாய்" என்றாள்.

சமியுல்லா சங்கடமாகச் சிரித்தார்.

"நான் எங்கம்மா காப்பாத்தினேன்? நேத்து உங்க சம்பந்திதான் வந்தாரு. 'பங்காரு விஷயம் எனக்கு முன்னாடியே தெரியும். எங்க அக்கா காதுல யாரோ போட்டுட்டாங்க. நாளைக்கு அவங்கள வெச்சிகினே கேக்கறேன், பேரு தெரியாதுன்னு சொல்லிடுங்க'ன்னாரு. பிரேமாம்மாவுக்கு இது தெரிய வேணாம், என் எதிர்ல கூச்சப்படுவாங்கன்னும் சொல்லிட்டுப் போனாரு."