வலைக்குள்ளே பத்திரம்

“ஏலே பெருமாளு, திருவனந்தபுரத்துல கொசுக் காய்ச்சலாமே! நீ நல்லாருக்கியா? இல்ல, நா கெளம்பி வரட்டா?”

அம்மாவின் வாய்ஸ் மெசேஜைக் கேட்டதும் வன்னியபெருமாளுக்குப் பக்கென்றது. அக்காவுக்கு இன்றோ நாளையோ பிரசவம். அவளை விட்டுவிட்டு அம்மா வரவே கூடாது.

போனில் மைக்கை அழுத்தினான். அவன் பேசப் பேச எழுத்தாகியது.

“வராதம்மா. நான் கொசுவலைக்குள்ளதான் இருக்கேன். நீ அக்கா வீட்டுத் தொட்டியத் தேச்சுக் கழுவு.”

“கொசுவத்தியையே தூக்கி எறியுத பயலுக்கு வலை யாருல தந்தா?”

“இங்க எல்லாருக்கும் குடுத்திருக்காவ.”

“பின்ன ஏன் போன எடுக்க மாட்டேங்க? ஒரு வார்த்த பேசேன்.”

அவனுக்கு வியர்த்தது. காற்றுக்காக வலையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு மீண்டும் மைக்கை அழுத்தினான்.

“சிக்னல் இல்லம்மா. நான் நல்லாத்தான் இருக்கேன்.”

“தம்பி, வலைய ஏன் தூக்குத?” நாகர்கோவில்காரியான நர்ஸ் ஓடி வந்தாள். “ஒன்னைக் காப்பாத்தவா அதைக் கட்டிருக்கு? ஒன்னைக் கடிச்ச கொசு பக்கத்துக் கட்டில்காரரக் கடிச்சா, ஒன் டெங்கு அவருக்கும் வந்துரும்லா!”

பதறி வலையை இறக்கிவிட்டு, அதே பதற்றத்தில் மெசேஜை அனுப்பினான். பிறகுதான் பார்த்தான். மைக் அணையவே இல்லை. நர்ஸ் சொன்னதும் எழுத்தாகி அம்மாவுக்குப் போயிருந்தது.

அழிப்பதற்குள் அம்மா பார்த்துவிட்டதற்கான நீல டிக் விழுந்துவிட்டது.

அரை மணி நேரம் கழித்துப் பஸ் இரைச்சலோடு அம்மாவின் குரல் வந்தது.

“அக்காவ அவ மாமியா பாத்துக்கிடுவா. நா வாரவரைக்கும் வலைய விட்டு வெளிய வராதல. பக்கத்துக் கட்டில்ல கெடக்கவனுக்கும் ஒரு அம்மா இருப்பா.”