தீர்த்தகிரியின் இசை ஞானம்

"நாலாவது பாட்டுதாம்ப்பா பாட்டு. நடுவுல ஒருத்தன் கொரவளையப் புடிச்ச மாதிரி கத்துறான் பாரு, அவனுக்குக் கோயிலே கட்டலாம்" என்றார் தீர்த்தகிரி, டீயை உறிஞ்சியபடி.

சுரேந்தருக்குப் புல்லரித்தது. ஓசூரில் அவனோடு பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கிற ஆட்களில் ஒருத்தர்கூட 'இரும்புத்தூள்' பேண்டின் முதல் ஆல்பத்தை முழுசாகக் கேட்டதில்லை. இங்கே, தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்தில் ராகி போடுகிற மனிதர் பாட்டுக்குப் பாட்டு விமர்சனம் சொல்கிறார். அதிலும் அவர் அருணாவின் அப்பா.

அருணா அதே கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷன். இருவருக்கும் இரண்டு வருஷக் காதல். "எந்நேரமும் காதுல ஒயரை மாட்டிக்கினு திரியறவனுக்குப் பொண்ணு கெடையாது" என்று ஒற்றைக் காலில் நின்றவர்தான் இந்தத் தீர்த்தகிரி.

போன மாசம் சுரேந்தர் அவரைக் கெஞ்சிக் கேட்க வந்திருந்தபோது, பைக்குள் இருந்த புளூடூத் ஸ்பீக்கர் தானாக அலற ஆரம்பித்துவிட்டது. பதறிப்போய் அணைக்கப் போனவன் கையைத் தட்டிவிட்டார் பெரியவர். "இருப்பா. இன்னும் சத்தமா வராதா இது?"

அன்றோடு ஆளே மாறிவிட்டார். ஆல்பத்தைப் பென் டிரைவில் கேட்டு வாங்கினார். நிலத்து ஓரப் புளியமரத்தில் பெரிய குழாய் ஸ்பீக்கராகப் பார்த்துக் கட்டினார். அதன் வாய் வீட்டைப் பார்க்காமல் காட்டைப் பார்த்து இருந்தது. பாட்டு மலையில் மோதித் திரும்பி வருவதைக் கேட்கத்தான் இந்த ஏற்பாடு என்று சுரேந்தர் தானாகவே புரிந்துகொண்டு, இன்ஸ்டாகிராமில் அதைப் பற்றி உருகி உருகி ஒரு பதிவு போட்டான்.

பெங்களூரில் நடந்த கச்சேரிக்கும் கூட்டிப்போனான். கூட்டமே தலையை ஆட்டிக் குதித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் கைகட்டி நின்றார். சவுண்டுக்காரனைப் பிடித்து, இது எவ்வளவு தூரத்துக்குக் கேட்கும் என்று கன்னடத்தில் துருவித் துருவி விசாரித்தார். "எங்க மாமனாருக்கு இருக்கற இசை ஞானம் எவனுக்குடா வரும்?" என்று ரூமில் வந்து கூடத் தங்கியிருக்கும் சந்தோஷிடம் பீற்றிக்கொண்டான் சுரேந்தர். நேரில் மட்டும் 'மாமா' என்று கூப்பிட வாய் வராமல் 'ஐயா' என்றே வந்து தொலைத்தது.

இந்த நேரத்தில்தான் பேண்டின் இரண்டாவது ஆல்பம் 'ஈரம்' வந்தது. ட்ரம்ஸ் இல்லை, கத்தல் இல்லை. ஒரு புல்லாங்குழல், ஒரு பெண் குரல், பின்னால் மழை. பழைய ரசிகர்களெல்லாம் "தாலாட்டுப் பாடக் கெளம்பிட்டானுங்க" என்று கழுவிக் கழுவி ஊற்றினார்கள். சுரேந்தர் மட்டும் கம்பெனி பஸ்ஸில் அதைக் கேட்டு அழுதான். இத்தனை நாள் கத்தியவர்கள் இப்போதுதான் நம்மோடு பேசுகிறார்கள் என்று எழுதினான். அருணா ஒருத்திதான் லைக் போட்டாள்.

போன ஞாயிறு, பென் டிரைவில் இருந்த பழசை அழித்துவிட்டு 'ஈர'த்தை ஏற்றிக் கொடுத்தான். அந்தத் துணிச்சலிலேயே கல்யாணப் பேச்சையும் எடுத்தான். "அடுத்த ஞாயித்துக்கெழம வா. ரெண்டுக்கும் பதில் சொல்றேன்" என்றிருந்தார்.

பதிலுக்குத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறான்.

"புதுசு கேட்டீங்களா ஐயா?"

தீர்த்தகிரி டீ கிளாஸைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து அவன் கையில் திணித்தார். "இது வேணாம்ப்பா. நீ ஒசத்தின்னு சொன்னியேன்னு தெனமும் போட்டுப் பாத்தேன். சரிப்பட்டு வரல. பழசையே ஏத்திக் குடு."

சுரேந்தருக்கு முகம் செத்துப்போனது. பெண்ணும் போச்சு, பாட்டும் போச்சு. "மூணாவது பாட்டைப் பொறுமையாக் கேட்டீங்களா? கல்லுகூடக் கரைஞ்சிருமே!"

"அதாம்ப்பா வம்பே."

வாசற்படியில் நின்ற அருணா, துப்பட்டாவை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"அப்போ… கல்யாணம்?" என்றான்.

"அதுக்கு என்னா? ராகி அறுத்ததும் தை மாசத்துல வெச்சிக்கலாம். நீ நல்ல பையன்தான். பாட்டைத்தான் மாத்தணும்."

சந்தோஷத்தில் எழுந்து குதித்திருக்க வேண்டும். ஆனால் உள்ளே இருந்த ரசிகன் விடவில்லை. "உங்களுக்குப் பிடிக்கலன்னா பரவால்ல மாமா. அதுல என்ன குறைன்னு மட்டும் சொல்லுங்க."

"எனக்குப் புடிச்சி என்னா ஆவப்போவுது? நான் போட்டு விட்டுட்டுக் காதுல பஞ்ச வெச்சிக்கினு படுத்துக்குவேன்."

"பின்ன யாருக்காகப் போடறீங்க?"

தீர்த்தகிரி புளியமரத்துப் பக்கம் கையைக் காட்டினார். மரத்தைச் சுற்றிலும் ராகி, பாய் விரித்த மாதிரி மிதிபட்டுக் கிடந்தது.

"பழசப் போட்டா ஆனைங்க ஓடிப்போவுது மாப்ள. இதப் போட்டா நின்னு கேக்குது!"