நிழல் எந்தப் பக்கம்?

புதிதாக எந்த சூப்பர் ஹீரோ காமிக்ஸ் வந்தாலும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிடும் விமர்சகரின் வீட்டுக்கு, அவர் எழுதும் காமிக்ஸ் பத்திரிகையின் ஆசிரியர் தாமே படியேறி வந்திருந்தார். காரியம் இல்லாமல் வருகிற ஆளா அவர்?

"பெரிய காமிக்ஸ் கம்பெனி சார்! படத்துல தப்புக் கண்டுபிடிக்க ஆள் வேணுமாம். உங்க பேரத்தான் சொன்னேன். இந்தாங்க ஒப்பந்தம், கையெழுத்துப் போடுங்க."

விமர்சகர் நெளிந்தார். "இந்த வாரம் வந்த காமிக்ஸ் இதழை முடிச்சிடறேனே" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் படம் படமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"ஹீரோ மாடியிலேருந்து குதிக்கிறான்..."

"விளக்கு எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"நிழல்?"

ஆசிரியருக்குப் பொறுக்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு எட்டிப் பார்க்க அம்மணிக்கு அவ்வளவு சோம்பலா?

"ஏம்மா, நீங்களே பாத்துக்கக் கூடாதா? சாரைப் போட்டு ஏன் படுத்தறீங்க?"

விமர்சகர் இதழை மூடினார்.

"அவளுக்குப் பன்னெண்டு வயசுலேயே பார்வை போயிடுச்சு சார். நான் பாக்கறதச் சொல்றவன், அவ்வளவுதான். ஆறு வருஷமா தப்புக் கண்டுபிடிக்கிறது அவதான். எனக்கு எப்படிக் கையெழுத்துப் போடக் கை வரும்?"

ஆசிரியர் ஒப்பந்தத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "உங்க பேரச் சொல்லுங்கம்மா, எழுதிடறேன்."

"அது இருக்கட்டும். முதல்ல இந்த இதழோட அட்டைப்படத்த நீங்க சொல்லுங்க, கேப்போம்."

இருபது வருஷமாகக் காமிக்ஸ் பத்திரிகை நடத்துகிறவர், முதல் தடவையாக ஓர் அட்டைப்படத்தை உற்றுப் பார்த்தார்.