கேமராவுக்கு இடைஞ்சலான கதவு

த்ரில்லர் படத்தின் செட்டில் ஒரு பழைய கதவு மூடி நின்றது. பறக்கும் கேமரா ஒன்று அதைச் சட்டை செய்யாமல், ஜன்னல் வழியாகவும் கூரை வழியாகவும் அறைக்குள் போய் வந்துகொண்டிருந்தது.

"முன்பெல்லாம் கேமரா என் எதிரே வந்து காத்து நிற்கும். நான் மெல்லத் திறப்பதற்குள் ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். நீ ஏனப்பா ஈ மாதிரி சுற்றுகிறாய்?" என்று கதவு சலித்துக்கொண்டது.

"அதெல்லாம் அந்தக் காலம் அண்ணே. கொலைகாரனாக நடிப்பவரின் மூக்கு வியர்வையைக்கூட நான் காட்டிவிட்டேன்!"

"காட்டி என்ன? டைரக்டர் கொட்டாவி விடுகிறார், பார்."

கொட்டாவியை முடித்த டைரக்டர், "கேமரா பறக்க இந்தக் கதவுதான் இடைஞ்சல். கழற்றுங்கள்," என்றார். தச்சர் ஸ்க்ரூடிரைவரோடு கிளம்பினார்.

அந்த நேரம் பேட்டரி இறங்கிப்போய், கேமரா கதவின் முன்னால் பொத்தென்று விழுந்தது. அறைக்குள் ஏதோ மெல்ல உரசியது.

"அண்ணே, உள்ளே இருப்பது அந்த நடிகர்தானே?" என்று கேமரா கிசுகிசுத்தது.

"எனக்கென்ன தெரியும்? என் வேலை மூடியிருப்பது."

மறுபடியும் உரசல் கேட்டது. டைரக்டர் நாற்காலி நுனிக்கு வந்தார். தச்சர் பாதி வழியிலேயே நின்றுவிட்டார்.

"சார், சாப்பிட்டுவிட்டு வந்து கழற்றட்டுமா?"